வாயகன்ற போத்தல்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பிள்ளைக்காம்பராவில் நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளோடு கத்திக்கொண்டிருப்பவளுக்கு வாய் நீளாமல் வேறு என்ன நீளும்? கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் விடுவார்கள், பொழுது சாயும்போது வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படி நான் வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுத்த பிள்ளைகளில் ஒருவன் கீர்த்திகன். எங்கள் லயத்து லீலாவின் இளைய பிள்ளை.

நான் அவனை முழுசாகத்தான் கொடுத்தேன். மூக்கைத் துடைத்து, சட்டைப் பொத்தானைப் பூட்டி, லீலாவின் கையில் கொடுத்தேன். அன்றைக்கு விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு பூனை பாய்ந்து குப்பி லாம்பைத் தட்டிவிட்டது. பையன் பக்கத்தில் பாயில் படுத்திருந்தான். நான்கு வயது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு.

குப்பி லாம்பைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்னக் கண்ணாடிக் குப்பியில் மண்ணெண்ணெய் ஊற்றி, தகர மூடியில் ஓட்டை போட்டு, சீலைத் துண்டைத் திரியாக விட்டால் அதுதான் குப்பி லாம்பு. எங்கள் தோட்டம் பசறைக்கு மேலே, நமுனுகுல மலையைப் பார்த்தபடி இருக்கிறது. தோட்டத்தின் கீழ்ப்பிரிவான எங்கள் கீழ்க்கணக்கு லயங்களுக்குக் கரண்ட் வரப்போகிறது என்று ஒவ்வொரு எலக்சனுக்கும் ஒரு மகராசன் வந்து கைகூப்பிச் சொல்லிவிட்டுப் போவான். கைகூப்பினவன் போய்விடுவான், கம்பம் மட்டும் வராது. குப்பி லாம்பை விட்டால் எங்களுக்கு அடுப்பு வெளிச்சம்தான்.

பையனை அடக்கம் செய்த பிறகு லீலா வீட்டுக்குள் மண்ணெண்ணெயை விடவில்லை. அடுப்பு வெளிச்சத்திலேயே சமைத்து, அடுப்பு வெளிச்சத்திலேயே தின்று, படுத்தார்கள். அவளுடைய மூக்கும் என்னமோ ஆகிவிட்டது. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும், மலையில் கொழுந்தெடுக்கும்போதும், கோயிலில் நிற்கும்போதும் "மண்ணெண்ண மணக்குதுக்கா" என்பாள். மணக்காது. பக்கத்தில் நிற்பவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பேச்சை எடுப்பார்கள். பிறகு அவளே தன் மூக்கை நம்புவதை விட்டுவிட்டாள்.

ஆனால் ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. தன் வீட்டில் மட்டும் மண்ணெண்ணெய் இல்லாமல் போய் என்ன பிரயோசனம், பக்கத்து வீடுகளில் இருக்கிறதே என்பாள். எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் கேட்கும். நெருப்பும் அப்படித்தான்.

"இன்னொரு புள்ள இந்த லயத்துல அப்படி வேகக் கூடாது மலரக்கா," என்று என்னிடம் சொன்னாள். "அதுக்கு ஒரு வழி கெடச்சா நான் வேற எதுவும் கேக்க மாட்டேன்."

வழி எல்ல என்ற ஊரிலிருந்து சாக்கில் வந்தது. அவள் புருசன் சிவஞானம் எல்லயில் ஒரு கெஸ்ட் ஹவுசில் சமைக்கிற கோக்கியாக இருந்தான். வாரத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு வருவான். அங்கே முதலாளியம்மா அறைகளில் வாசனைத் திரி கொளுத்துவதற்கென்று வெளிநாட்டிலிருந்து மெழுகு வரவழைத்து, சிவஞானத்தைக் கூட வைத்துக்கொண்டு தானே உருக்கி ஊற்றுவாளாம். வடக்கில் சண்டை திரும்பத் தொடங்கியதும் வெள்ளைக்காரர் வருகிறது குறைந்துபோயிற்று. மெழுகு மூட்டை மூட்டையாக ஸ்டோரில் கிடந்தது. எலி கடிப்பதற்குள் கொண்டு போ என்று அம்மா சொல்லிவிட்டாள். இது இரண்டாயிரத்து ஏழில்.

சாக்கை அவிழ்த்துப் பார்த்தேன். துருவின தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளையாக இருந்தது. சோயாவில் எடுத்த மெழுகு என்றான் சிவஞானம். எங்களுக்கு சோயா என்றால் கடையில் பாக்கெட்டில் விற்கிற சோயாமீட் மட்டும்தான். இதைக் கறி வைக்கிறதா கொளுத்துகிறதா என்று கேட்டேன். அவன் சிரித்தான். லீலா சிரிக்கவில்லை. அவள் கையில் அள்ளி மோந்து பார்த்தாள். திரும்பத் திரும்ப மோந்து பார்த்தாள்.

"இதுல மண்ணெண்ண மணமே இல்லக்கா," என்றாள்.

முதல் நாள் சட்டியில் போட்டு நேரே அடுப்பில் வைத்துவிட்டாள். புகைந்து மஞ்சளாகிப் போயிற்று. சிவஞானம் தலையில் அடித்துக்கொண்டு, பெரிய சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதற்குள் சின்னச் சட்டியை இறக்கி உருக்கிக் காட்டினான். மெழுகுக்குள் தண்ணீர் ஒரு சொட்டு விழக் கூடாது. உருகினதும் அவசரப்படாமல் சூடு கொஞ்சம் தணிய விட்டு ஊற்ற வேண்டும். கெஸ்ட் ஹவுசில் மிஞ்சின ஜாம் போத்தல்கள் ஒரு பெட்டி நிறைய வந்திருந்தன. வாய் அகன்ற போத்தல்கள். அடியில் ஒரு சொட்டு மெழுகு விட்டுத் தகரக்கால் வைத்த திரியை ஒட்டி, மேலே இரண்டு ஈர்க்குக் குச்சிக்கு நடுவே திரியை நிமிர்த்திப் பிடித்து, மெல்ல ஊற்றினார்கள்.

எங்கள் ஊர்க் காற்று அதையும் கெடுத்தது. பள்ளத்திலிருந்து ஏறி வருகிற குளிரில் மெழுகு சட்டென்று இறுகி, திரியைச் சுற்றிக் குழி விழுந்தது. அப்புறம் லீலா போத்தல்களை வெந்நீர் காட்டிச் சூடாக்கித் துடைத்து வைத்துக்கொண்டாள். ஊற்றினதும், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைக் கொண்டுவந்து சுற்றி மூடினாள். அது மெதுவாக ஆறிற்று. காலையில் பார்த்தால் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று எண்ணி அவ்வளவையும் மறுபடி உருக்கிவிட்டாள் பைத்தியக்காரி. சோயா அப்படித்தான் பூக்கும், எரிவதற்கு ஒன்றும் ஆகாது என்று அடுத்த வாரம் வந்த சிவஞானம் சொன்னான். மெல்லிய திரி போட்டால் உருகின மெழுகிலேயே மூழ்கி அணைந்தது. தடித்த திரி போட்டால் கரி கக்கியது. நடுத்தரமான திரிதான் அந்த வாய்க்குச் சரியாக வந்தது. ஊற்றினதை உடனே கொளுத்தாமல் ஒன்றிரண்டு வாரம் சும்மா வைத்திருந்தால் இன்னும் நன்றாக எரிந்தது.

கடை மெழுகுதிரி மாதிரி வெளியே எடுத்து நிறுத்தலாமே என்று நான் ஒன்றை ஒரு குவளையில் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். அடுப்பு மேடையில் வைத்த கொஞ்ச நேரத்தில் தொப்பென்று குனிந்துவிட்டது. அவ்வளவு மெத்து. போத்தலுக்குள் இருந்தால்தான் அது நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லீலா லயத்துச் சனத்தை வாசலுக்குக் கூப்பிட்டாள். ஒரு போத்தலைக் கொளுத்தி, மேல்மெழுகு நன்றாக உருகும்வரை காத்திருந்தாள். பிறகு ஊதி அணைத்தாள். உருகினதை அப்படியே தன் உள்ளங்கையில் கவிழ்த்தாள். பெண்கள் ஐயோ என்றார்கள்.

"பாருங்க, சுடல," என்று கையை விரித்துக் காட்டினாள்.

பக்கத்து வீட்டு மாரிசாமியின் பெண்சாதி இராக்கம்மா சின்னப் பெண். முன்னே வந்து லீலாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் இடுப்பிலிருந்த பையன் சிந்துஜன் ஒரு விரலை விட்டு நக்கியும் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே பேச்சு லயம் முழுக்கப் பரவிவிட்டது: லீலா போத்தல் சுடாது. மெழுகு சுடாது என்று யாரும் சொல்லவில்லை. போத்தல் சுடாது என்றுதான் சொன்னார்கள். குப்பி மாதிரி அது சாயாது, குண்டியை அகட்டி உட்காரும் என்று அதற்குப் பாராட்டு வேறு.

லீலா ஒரு ஏற்பாடு செய்தாள். குப்பி லாம்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மெழுகுப் போத்தலை வாங்கிக்கொண்டு போகலாம். மெழுகு தீர்ந்தால் வெறும் போத்தலைக் கொண்டுவர வேண்டும், அவள் மறுபடி ஊற்றிக் கொடுப்பாள். பன்னிரண்டு வீடும் கொடுத்தது. நானும் கொடுத்தேன். அத்தனை குப்பியையும் பள்ளத்து ஓரத்தில் குழியில் போட்டு மம்பட்டியின் பின்பக்கத்தால் அடித்து நொறுக்கினாள். நொறுக்கி மண்ணைத் தள்ளி மிதித்தாள். பையன் செத்த அன்றைக்கு அழாதவள், அந்தக் குழிக்கு மேல் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழவிட்டேன். இத்தனை வருசம் கழித்தாவது வந்ததே என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

சில மாதம் எங்கள் லயம் நன்றாக இருந்தது. மாலையானால் ஒவ்வொரு வாசலிலும் கரி கக்காத ஒரு வெளிச்சம். லீலாவின் மகள் லதுஷாவுக்கு டிசம்பரில் ஓ.எல். என்கிற பள்ளிக்கூடப் பெரிய பரீட்சை. தம்பி எரிந்ததை ஏழு வயதில் கண்ணால் பார்த்தவள் அவள். கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்தப் போத்தல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பாள். அதை வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் லீலா அடுப்புக்குப் போவாள்.

அக்டோபர் கடைசியில் கெஸ்ட் ஹவுசை மூடிவிட்டார்கள். சிவஞானம் உடுப்புப் பையோடு வந்து இறங்கினான், சில நாள் இருந்துவிட்டு வேறு வேலை தேடிக் கொழும்புக்குப் போனான். மெழுகு மூட்டை அடியைத் தொட்டிருந்தது. லீலா பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் கடை கடையாகக் கேட்டாள். சோயாவா, சாப்பிடுகிற சோயாவா என்று சிரித்தார்களாம். மர்ஸூக் என்ற கடைக்காரர் மட்டும் உட்காரச் சொல்லி விசாரித்து, கொழும்பில் கேட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளம்மா என்றார். நல்ல மனுசன். அவர் என்ன செய்வார், அவர் கடையிலா சோயா காய்க்கிறது?

லீலா வீடு வீடாகப் போய்க் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். எல்லோரும் சரியென்று தலையாட்டினார்கள். கடைசியாக ஊற்றின ஒரு போத்தலை லதுஷாவின் பரீட்சைக்கென்று எடுத்து வைத்தாள்.

பொறுத்துக்கொள்ளச் சொல்வது சுலபம். நவம்பரில் எங்கள் பக்கம் மழை பிடித்தால் நாலரைக்கே இருட்டு. பச்சை விறகு புகையுமே தவிர எரியாது. குப்பிகள் மண்ணுக்குள் நொறுங்கிக் கிடந்தன. நான் தனிக்கட்டை, வெளிச்சத்தோடு தின்றுவிட்டு முடங்கிக்கொள்வேன். பிள்ளைகுட்டிக்காரர்கள் என்ன செய்வார்கள்? அதை லீலாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வீடுகளில் மாலையானதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மழைக்குச் சாத்துகிறார்கள் என்றிருந்தோம்.

"மண்ணெண்ண மணக்குதுக்கா," என்று லீலா மறுபடி சொல்லத் தொடங்கினாள். இராக்கம்மாவிடமும் கேட்டிருக்கிறாள். இல்லையே அக்கா என்றாளாம் அந்தப் பெண். லதுஷாவிடம் கேட்டதற்கு, அது உங்கள் பிரமையம்மா என்றாளாம். பிரமையாகத்தான் இருக்கும் என்று லீலாவும் ஒத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நல்ல மழை. சிந்துஜனுக்கு லேசாகக் காய்ச்சல் என்று பிள்ளைக்காம்பராவிலிருந்து என் வீட்டுக்கே தூக்கி வந்து கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இராக்கம்மா வீட்டிலிருந்து சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் சொல்ல மாட்டேன். நான் ஓடிப் பார்க்கும்போது மாரிசாமி தீப்பிடித்த இராக்கம்மா மேல் சாக்கைப் போட்டு அமுக்கி, வாசல் சேற்றில் அவளைப் புரட்டிக்கொண்டிருந்தான். மழையும் அவள் மேல் பெய்துகொண்டிருந்தது. கொழுந்து லொறியைக் கூப்பிட்டு ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

லொறி போன பிறகு லீலா அந்த வீட்டுக்குள் போனாள். நானும் போனேன். தரையில் ஜாம் போத்தல் உடையாமல் நின்றது. அவள் ஊற்றிக் கொடுத்த போத்தல்தான், அடியில் தகரக்கால் இன்னும் ஒட்டியிருந்தது. வாயின் குறுக்கே கம்பியை வளைத்து மாட்டி, அதில் ஒரு சீலைத் திரியைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே பாதிக்கு மண்ணெண்ணெய். லீலா குனிந்து எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகம் தப்பியிருந்தது. கழுத்துக்குக் கீழே எல்லாம் துணி. லீலாவைக் கண்டதும் இராக்கம்மாவே முதலில் பேசினாள். குற்றம் சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒங்க போத்தல் மேல தப்பு இல்லக்கா," என்றாள். "நல்ல போத்தல். சாயவே சாயாது. எரியிறப்பவே ஊத்திட்டேன். வாய் பெருசா இருந்துச்சா, அணைக்காமலே ஊத்திக்கலாம்னு பாத்தேன். கேன்ல புடிச்சிருச்சு."

குப்பி லாம்பில் அப்படி ஊற்ற முடியாது. மூடியைக் கழற்ற வேண்டும், கழற்ற வேண்டுமென்றால் அணைத்தாக வேண்டும். சுடாத போத்தல், வாய் அகன்ற போத்தல், இதில் ஊற்றினால் என்ன என்று இராக்கம்மா நினைத்திருக்கிறாள்.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள் லீலா.

"ஒங்களுக்கு மனசு கஷ்டமாயிரும்னுதான். எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிட்டோம், லீலாக்காவுக்குத் தெரிய வேணாம்னு."

இராக்கம்மா அந்த வாரம் தாண்டவில்லை. பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். சிந்துஜன் என் இடுப்பில் இருந்துகொண்டு, அம்மா எப்ப வரும் என்று என்னையே கேட்டான். இந்த நீள வாய் அன்றைக்கு அவன் கஞ்சியை ஊதி ஆற்ற மட்டும்தான் உதவிற்று.

அடக்கம் முடிந்த மறுநாள் சாயந்தரம் லீலா கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு லயத்தின் முதல் வீட்டில் போய் நின்றாள். போத்தலைக் கொடுங்கள் என்றாள். அவர்கள் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். வாயில் கம்பி, சீலைத் திரி, பாதிக்கு எண்ணெய். எண்ணெயை அவர்கள் கேனிலேயே வடித்துவிட்டுப் போத்தலைக் கூடையில் போட்டாள். அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டிலும் அதே. தலையைக் குனிந்துகொண்டு கொடுத்தார்கள். என் வீட்டுப் போத்தல் வெறுமையாகக் கிடந்தது, அதையும் வாங்கிப் போட்டாள்.

மாரிசாமி தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டு எழுந்திருக்கவில்லை.

"இப்ப ஒடைக்கப் போறீங்களா அக்கா?"

"ஒடைக்கத்தான் போறேன்."

"ஒடைச்சிட்டு எதக் கொளுத்துறது?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். "என் புள்ள இருட்டுல பயந்து கத்துறான். போன தடவ குப்பிய ஒடைச்சீங்க, போத்தல் குடுத்தீங்க. இந்தத் தடவ என்ன குடுப்பீங்க?"

லீலா கூடையோடு நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கைகூப்பினவன்கள் யாரும் அங்கே இல்லை. எதிரே நின்றது இரண்டு பாவப்பட்ட சனங்கள்தான்.

கடைசியாக அவள் தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். நானும் பின்னால் போனேன். லதுஷா உள்ளேயிருந்து தானாகவே ஒரு போத்தலைக் கொண்டுவந்து தாயின் காலடியில் வைத்தாள். வாயில் கம்பி, சீலைத் திரி. பரீட்சைக்கென்று எடுத்து வைத்த அந்தக் கடைசிப் போத்தல்தான். அது இத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறதே, பிள்ளை எவ்வளவு சிக்கனமாக எரிக்கிறாள் பாருங்கள் என்று லீலா என்னிடம் பெருமையடித்திருக்கிறாள்.

"மணக்குதுன்னு கேட்டேன்ல?" என்றாள் லீலா.

"பிரமைன்னு பொய் சொன்னேன்மா." பெண் அழுதாள். "பரீட்ச முடியட்டும்னு இருந்தேன். நீங்க படுத்தப்புறம்தான் கொளுத்தினேன், கவனமாத்தான் வச்சிருந்தேன்."

அடி விழும் என்று நினைத்துக் குறுக்கே போகத் தயாரானேன். அடி விழவில்லை. லீலா குனிந்து மகளின் தலையை மோந்து பார்த்தாள். கையை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு கூடையைத் திரும்பத் தலையில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே நடந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போத்தலை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே சொல்லைத்தான் சொன்னாள்: அணைச்சிட்டு ஊத்துங்க, ஆறவிட்டு ஊத்துங்க. மாரிசாமியின் வாசற்படியில் மட்டும் போத்தலை வைத்துவிட்டு நடந்தாள். அவன் எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

விளக்கு வைக்கிற நேரம் சிந்துஜனைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுப் பக்கம் போனேன். லதுஷா கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். மேசையில் அந்தப் போத்தல் எரிந்தது, கரி மேலே போய்க்கொண்டிருந்தது. லீலா அறிய ஒன்பது வருசமாக மண்ணெண்ணெய் நுழையாத வீடு. லீலா மகளுக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கையாலும் போத்தலைச் சுற்றிப் பிடித்து மேசையோடு அமுக்கிக்கொண்டிருந்தாள்.

விடுடி, சுடப்போகிறது என்றேன்.

"சுடுதுக்கா," என்றாள். கையை எடுக்கவில்லை.

லதுஷா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.